கதவுக்குப் பின்னால் தொங்கிய பை

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ்நாட்டில் அது இல்லாத வீடு அபூர்வம். அந்த ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பைகள் தொங்கும். மேலாக மாட்டியிருப்பது காய்கறிக்கு. அதற்கடியில் தவிடு படிந்த ரேஷன் பை. இன்னும் உள்ளே, அழுக்குப் படாத ஒன்றிரண்டு, ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்வதற்கென்று. இவற்றில் ஒன்றையாவது அந்த வீட்டார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்களா என்றால், அநேகமாக இல்லை. எல்லாமே வந்த பைகள். கல்யாண வீட்டில் கொடுத்தது, தீபாவளிக்குத் துணி எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்தது, தோடு வாங்கியபோது நகைக்கடையில் கொடுத்தது.

இன்று ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் கவருக்கு முன்பே ஒரு துணிப்பை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அரசு முயல்கிறது, தன்னார்வலர்கள் முயல்கிறார்கள். கடலோரச் சுற்றுலா ஊர்கள், மலைநகரங்கள் என்று உலகம் முழுக்க இந்த யோசனை இருக்கிறது. வருகிறவருக்கு ஒரு பையை இலவசமாகக் கொடு, அவர் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தட்டும். புதிய திட்டமாகத்தான் இதைப் பேசுகிறார்கள். ஆனால் பையைக் கொடையாகக் கொடுத்து, அது வருஷக்கணக்கில் புழங்குவதைப் பார்த்த அனுபவம் தமிழர்களுக்கு உண்டு. அந்த அனுபவத்தின் பெயர் தாம்பூலப் பை.

கல்யாணத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது மரபு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். வெற்றிலை பாக்கைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளலாம். தேங்காயை அப்படி முடிய முடியாது. அதற்கு ஒரு பை வேண்டியிருந்தது. ஈரோடு, பல்லடம் பக்கத்துத் தறிகளில் நெய்யும் சாயம் போடாத முரட்டுத் துணிக்குக் காடா என்று பெயர். அந்தக் காடாத் துணியை மங்கல நிறமான மஞ்சளில் முக்கி, இரண்டு காது வைத்துத் தைத்து, சிவப்பு மையில் மணமக்கள் பெயரையும் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் அச்சடித்தார்கள். மறுபக்கம் பிள்ளையாரோ முருகனோ, இல்லையென்றால் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஜவுளிக்கடை உபயம். மக்கள் வாயில் அது மஞ்சப்பை ஆனது. மஞ்சள் பை என்று இலக்கண சுத்தமாகச் சொல்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பையில் ஒரு நுட்பம் இருந்தது. கொடுத்தவர் பெயர் அதன்மேல் எழுதியிருந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் வாங்கிய பையைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? மங்கல நிறம் ஒரு பக்கம், உறவின் பெயர் மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்து அந்தப் பைக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தன. அழுக்கானால் துவைத்தார்கள். காது அறுந்தால் தைத்தார்கள். தைக்கவும் முடியாமல் போனால் அது சூடான பாத்திரத்தை இறக்கும் பிடிதுணியாகவோ, சைக்கிள் துடைக்கும் துணியாகவோ இன்னும் சில மாதம் உழைத்தது.

அதற்கும் முந்தைய காலத்தில் பையின் தேவையே குறைவு. எண்ணெய்க்குத் தூக்குவாளியையும் மோருக்குச் செம்பையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனார்கள். கறிக்கடையில் தேக்கிலையும் தாமரை இலையும். பூவுக்கு வாழை இலையும் வாழைநாரும். மளிகைக்கடை அண்ணாச்சி பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பைக் கொட்டி, நுனியை மடக்கி, மேலே தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுப்பார். தென்மாவட்டங்களில் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, செட்டிநாட்டில் சீருக்கும் பலகாரத்துக்கும் பனையோலைக் கொட்டான். எல்லாமே மண்ணில் மக்கியவை. இடையில் வந்த ஒயர் கூடையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது பிளாஸ்டிக்தான். ஆனால் பெண்கள் மத்தியான நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து கையால் முடைந்த அந்தக் கூடைகள் பத்துப் பதினைந்து வருஷம் சந்தைக்குப் போய் வந்தன. பொருள் எதுவானாலும், எத்தனை நாள் புழங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்கு அந்தக் கூடை ஒரு சாட்சி.

பிளாஸ்டிக் பையின் கதையிலும் இதே சாட்சியம் கிடைக்கிறது. பாலித்தீன் என்ற பொருள் 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில், வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. அதிலிருந்து, பனியனைப் போல இரண்டு கைப்பிடி வைத்த ஒரே துண்டாலான பையை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின். செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனம் அதற்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்த துலின், நனைந்தாலும் கிழியாத, நீண்ட நாள் உழைக்கும் பை ஒன்றைச் செய்யவே நினைத்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். துலின் தன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து வைத்திருப்பாராம். மடித்து வைத்துத் திரும்ப எடுப்பதற்காகப் பிறந்த பை அது. 1982இல் அமெரிக்காவின் சேஃப்வே, குரோகர் ஆகிய பெரிய கடைத்தொடர்கள் அதற்கு மாறின. விலை மலிந்தது. மலிந்ததும் மடித்து வைக்கும் பழக்கம் போய்விட்டது.

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களை அது முழுமையாகப் பிடித்தது 1990களில். கேரி பேக் என்று வந்து, கவர் என்று சுருங்கியது. அப்போது ஒரு சின்ன இடமாற்றம் நடந்தது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி கடைக்குப் போயிற்று. தராசுக்கு மேலே ஒரு கொக்கி, அதில் கொத்தாகத் துளையிட்ட கவர்கள். வாங்குகிறவர் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும், கடைக்காரர் ஒன்றை உருவி ஊதித் திறப்பார். பை எடுத்துக்கொண்டு கிளம்பும் வேலை வீட்டுக்காரரிடமிருந்து கடைக்காரருக்கு மாறியது.

கூடவே வெட்கமும் வந்தது. பட்டணத்துக்குப் புதிதாக வரும் வெள்ளந்தியைத் திரையில் காட்ட, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் முகப்பும் அக்குளில் ஒரு மஞ்சப்பையும் போதும் என்றாயிற்று. கிராமத்துப் பெரியவர் ஒருவர் நகரத்துப் பேரனிடம் வந்து தங்கும் கதையாக, ராஜ்கிரண் நடிப்பில் 2014இல் வந்த படத்தின் பெயரே மஞ்சப்பைதான். அந்தப் படம் பெரியவரின் பக்கம் நின்றது. ஆனால் அந்த ஒரு சொல்லிலேயே பார்வையாளருக்கு மொத்தப் பாத்திரமும் புரிந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பையனிடம் மஞ்சப்பையில் சாப்பாட்டைக் கொடுத்த அம்மாக்களுக்கும், அதை வாங்காமல் போன பையன்களுக்கும் நடந்த சண்டைகள் எத்தனை! ஒரு பொருளைத் தூக்கி எறிவதற்கு முன்னால் அதைப் பார்த்துக் கூச்சப்படக் கற்றுக்கொண்டோம்.

சமவெளியில் இந்த மாற்றத்தின் விலை தெரிய நாளானது. மலையில் சீக்கிரம் தெரிந்தது.

நீலகிரி ஒரு குறுகலான இடம். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் மேலே ஏறிப் பார்த்து மயங்கிய காலத்தில் அங்கே தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் வாழ்ந்தார்கள். 1848இல் தாவரவியல் பூங்கா, 1899இல் குன்னூர் வரை ரயில், 1908இல் அது ஊட்டி வரை என்று ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளைக்காரர்களின் கோடைவாசம் நடுத்தர வர்க்கத்தின் மே மாத விடுமுறையாக மாறியது. 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டபோது, அதே மலைச்சாலையில் கவர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே குப்பைக்கு ஒளிய இடம் கிடையாது. சரிவில் வீசியதை மழை ஓடைக்குத் தள்ளும், ஓடை குன்னூர் ஆற்றுக்குத் தள்ளும், ஆறு மேட்டுப்பாளையத்தில் பவானிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கவருக்குள் உப்பும் இனிப்பும் ஒட்டியிருந்தால் மான், காட்டெருமை, யானை எல்லாம் அதைத் தேடி வரும்.

2000ஆம் ஆண்டையொட்டி நீலகிரி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார். நாட்டில் அப்படியொரு முயற்சி அதிகம் பேசப்படாத காலம். இருபது மைக்ரானுக்கும் மெல்லிய பை கூடாது என்ற மத்திய அரசின் முதல் விதியே 1999இல்தான் வந்திருந்தது. ஓடைகளிலும் சரிவுகளிலும் சேர்ந்திருந்ததை அள்ளினார்கள். கடைகளில் கவரை நிறுத்தினார்கள். ஊட்டி, குன்னூர் கடைக்காரர்கள் காகிதப் பைக்கும் துணிப்பைக்கும் மாறினார்கள். சமவெளியில் மாநிலம் தழுவிய தடை வருவதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே, ‘கவர் கிடையாதுங்க’ என்ற பதில் ஊட்டிக் கடைத்தெருவில் பழகிவிட்டது.

மலையில் குடியிருப்பவருக்கு அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு வாரம் மறந்து வெறுங்கையோடு போவார், அடுத்த வாரம் பையோடு போவார். சிக்கல் வருகிறவர்களிடம் இருந்தது. அவர்கள் வருஷத்தில் மூன்று நாள் வருகிறார்கள். கற்றுக்கொள்ளும் முன்பே இறங்கிவிடுகிறார்கள். அடுத்த நாள் இன்னொரு கூட்டம் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024இல் கணக்குச் சொல்லப்பட்டது. அதிர்ந்துபோன நீதிமன்றம் அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் கட்டியது.

சுற்றுலாப் பயணியைக் குறை சொல்வது எளிது. அவருடைய நாளைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். அதிகாலை வேன் ஏறும்போது அவர் கட்டிய மூட்டையில் ஸ்வெட்டர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பிள்ளைக்கு மாற்றுத்துணி இருக்கிறது. காலிப் பை இல்லை. ஏனென்றால் அவர் சந்தைக்குக் கிளம்பவில்லை. ஆனால் ஊட்டியில் அவர் செய்யும் வேலையில் பாதி சந்தை வேலைதான். சேரிங் கிராஸில் வர்க்கி, பக்கத்துக் கடையில் ஹோம்மேட் சாக்லேட், பக்கத்து வீட்டுக்குத் தைலம், மாமியாருக்கு டீத்தூள், திரும்பும் வழியில் சாலையோரத்தில் தழையோடு கட்டிய கேரட். தனித்தனிக் கடை, தனித்தனிப் பொட்டலம். கதவுக்குப் பின்னால் ஆணி வைத்திருக்கும் குடும்பம்கூட, வீட்டை விட்டு நானூறு கிலோமீட்டர் தள்ளி வந்தபிறகு அந்த ஆணியை எட்ட முடியாது.

ஆகவே தடை ஒரு பாதிதான். கவரைப் பிடுங்கும் கை, மறு கையால் எதையாவது கொடுக்க வேண்டும்.

இந்த உண்மையை வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு விதமாகக் கண்டுகொண்டிருக்கின்றன. 1974இல் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட லடாக்கில், சுற்றுலா பெருகப் பெருக லே நகரத்தின் வாய்க்கால்களில் கவர் நிறைந்தது. 1998இல் லடாக் மகளிர் கூட்டமைப்புப் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கிப் பிளாஸ்டிக் பைக்கு முடிவு கட்டினார்கள். அதிகாரிகளை விடப் பாட்டிகளுக்கே கடைக்காரர்கள் பயந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் கோல்ஸ் பே என்று ஒரு சிற்றூர். ஃப்ரேசினே தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களால் பிழைக்கும் ஊர். 2003 ஏப்ரலில் அங்கே ரொட்டிக்கடை வைத்திருந்த பென் கியர்னி என்பவரின் முயற்சியால் ஊர்க்கடைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பிளாஸ்டிக் பையை விட்டன. நாட்டில் அதுவே முதல். சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கவர் கிடைக்காது என்றால் பயணி சண்டை போடப் போக்கிடம் ஏது?

தான்சானியா கண்டிப்பான வழியைத் தேர்ந்தது. 2019 ஜூன் 1 முதல் நாட்டுக்குள் பிளாஸ்டிக் பை கூடாது என்று அறிவித்து, காட்டுயிர் பார்க்க வரும் பயணிகள் விமானம் ஏறுமுன்பே பெட்டியிலிருந்து அவற்றை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டது. மறந்து கொண்டுவந்தவர்கள் ஒப்படைக்க விமான நிலையத்திலேயே மேசை போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் பர்லி ஹெட்ஸ் என்ற இடத்தில் 2013இல் தொடங்கியதுதான் தாம்பூலப் பைக்கு மிக நெருங்கிய உறவு. டானியா பாட்ஸ், ஜோர்டின் டி போயர் என்ற இரண்டு பெண்கள் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, பழைய படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மிச்சத் துணி எல்லாவற்றையும் வெட்டிப் பை தைத்தார்கள். கடை வாசலில் பெட்டி வைத்து அதில் போட்டார்கள். பை மறந்து வந்தவர் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், அடுத்த முறை வரும்போது திரும்ப வைத்தால் போதும். எறிந்தால் திரும்பி வரும் ஆயுதத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள், பூமராங் பேக்ஸ். அந்தத் தையல் கூட்டம் பின்பு பல நாடுகளுக்குப் பரவியது. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு பூ. முன்பின் தெரியாத யாரோ உட்கார்ந்து தைத்தது என்று தொட்டாலே தெரியும். கல்யாணப் பையில் அச்சடித்த பெயர் செய்த வேலையை அங்கே கைத்தையல் செய்கிறது.

தமிழ்நாட்டில் முதலில் தடை வந்தது, பிறகுதான் பை வந்தது. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று சட்டமன்றத்தில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. முதல் சில வாரங்கள் உணவகங்களில் வாழை இலையும் தூக்குவாளியும் திரும்பி வந்தன, பிரியாணிக் கடை வாசலில் எவர்சில்வர் பாத்திரத்தோடு வரிசை நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கவர் பின்வாசல் வழியாக நுழைந்தது. மூன்று வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 23 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது சுற்றுச்சூழல் துறையின் செயலாளராக இருந்தவர் அதே சுப்ரியா சாகு. நீலகிரியில் கற்ற பாடம் இருபது வருஷம் சுற்றிவிட்டு மாநிலத்துக்கு வந்தது என்று சொன்னால் மிகையில்லை. 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் ஓர் இயந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை விழும். பிறகு மற்ற சந்தைகள், கோயில்கள், பேருந்து நிலையங்கள் என்று அது பரவியது. விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் பயணிகளுக்குப் பை இலவசமாகவும் கொடுக்கப்படுகிறது.

அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. கூச்சத்தின் சின்னமாக இருந்த ஒன்றை அரசு மேடையில் தூக்கிப் பிடித்தபோது, கல்லூரி மாணவர்கள் அதைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள். வெட்கம் விலகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதிக் கிணறு கணக்கில் இருக்கிறது. அதை ஒளிக்காமல் பேசுவது நல்லது, ஏனென்றால் பை கொடுக்கும் நல்ல மனம் படைத்தவர்கள் பலரும் கவனிக்காமல் போவது இதைத்தான். பருத்திப் பை வானத்திலிருந்து விழுவதில்லை. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும், தறிக்கு மின்சாரம் வேண்டும், சாயக் கழிவு எங்கேயாவது போக வேண்டும். நொய்யலாற்றைப் பார்த்தவர்களுக்குச் சாயம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்று, புவி வெப்பமாதல் என்ற ஒரு கணக்கில் மட்டும் பிளாஸ்டிக் பையை விட நல்லது என்று ஆக, அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 7,100 முறை. அந்த ஆய்வு குப்பையாகக் காட்டில் கிடக்கும் கவர் யானையின் வயிற்றுக்குள் போவதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன, கருவில் குட்டியும் இருந்தது. அந்தப் பக்கத்தைச் சேர்த்தால் தராசு துணிப்பைப் பக்கம் நிச்சயம் சாயும். ஆனாலும் 52 என்ற எண்ணை மறக்கக்கூடாது. சோதனைச் சாவடியில் கொடுத்த புதுப் பை ஊட்டி லாட்ஜ் அறையிலேயே கிடந்துவிட்டால், நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு கெடுதலைக் கூட்டியிருப்போம்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. நான்-வோவன் என்ற பை, துணி போலவே இருக்கும், காது வைத்துத் தைத்தது போலவே இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். சில மாத வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலக்கும். 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆனால் இன்று எத்தனையோ கல்யாண மண்டபங்களில் தாம்பூலத்தோடு கையில் கிடைப்பது அந்தப் பைதான். மஞ்சப்பை பிறந்த இடத்திலேயே அதன் பொய்ப்பிரதி உட்கார்ந்திருப்பது மனதை உறுத்துகிறது. சிவப்பு எழுத்தில் மணமக்கள் பெயரும் அதில் இருக்கிறது.

நீலகிரியிலேயே நடந்த இன்னொரு காரியத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. சுற்றுலாப் பயணிகள் குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போடும் மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்டதும் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவரே கொண்டுவராவிட்டாலும், பத்து ரூபாய் கிடக்கிறது என்று பொறுக்கி எடுக்க ஒருவர் வந்தார். திட்டம் பிற மாவட்டங்களுக்கும் போனது. மஞ்சப்பை இயந்திரத்தின் விலையும் அதே பத்து ரூபாய்தான். ஒரு வித்தியாசம், பாட்டிலுக்குப் போட்ட பத்து ரூபாய் திரும்பி வருகிறது, பைக்குப் போட்டது திரும்புவதில்லை. மலை ஏறும்போது பர்லியாறு சோதனைச் சாவடியில் ஒரு பையைக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது குஞ்சப்பனையிலோ கல்லாறிலோ அதைத் திருப்பி வாங்கி, துவைத்து, அடுத்த வேனுக்குக் கொடுக்க முடியாதா? ஒரே பை சீக்கிரமே 52ஐத் தொட்டுவிடும். வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் சாவடிகள் ஏற்கெனவே இருக்கின்றன, இ-பாஸ் எடுக்கும்போதே வருகிறவரின் கைபேசி எண்ணும் பதிவாகிறது. வேண்டியது துவைக்கும் தொட்டியும் ஒரு கொக்கியும்.

திருப்பித் தர விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு, அதுவும் மலையிலேயே இருக்கிறது. தோடர்கள் போர்த்தும் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூத்தையல் இருக்கும். துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் பெண்கள் போடும் தையல் அது, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அழகு. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் போர்வையின் மடிப்பிலேயே பொருள் வைத்துக்கொள்ள ஒரு பெரிய பை சேர்த்துத் தைத்திருப்பார்கள். மலையில் நடக்கிறவர் தன் பையைத் தன் மேலேயே போர்த்திக்கொண்டு போனார். இன்று அதே தையலைக் கைப்பைகளில் போட்டு விற்கிறார்கள் தோடர் பெண்கள். அதை வாங்கியவர் லாட்ஜில் விட்டுவிட்டுப் போவதில்லை. சென்னையில் காய்கறிக்கடைக்கு எடுத்துப் போனால் யாராவது ஒருவர் இது எங்கே வாங்கினது என்று கேட்பார்.

இந்தக் கணக்குகளை எல்லாம் வைத்துக்கொண்டு பழைய ஆணிக்குத் திரும்பினால் ஒன்று புலப்படுகிறது. வாரச்சந்தை வருஷத்துக்கு 52 முறை கூடும். முகூர்த்த நாளில் தேங்காயோடு வந்த மஞ்சப்பை மறுவாரமே சந்தைக்குப் போகத் தொடங்கும். அதில் எழுதியிருந்த மணமக்களின் முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு அழைப்பு வரும்போது, டென்மார்க்காரர்கள் சொன்ன எண்ணை அது தாண்டியிருக்கும். அந்த விழாவுக்குப் போன அம்மா, வாழைப்பழமும் பால்கோவாவும் வைத்து பஸ்ஸில் எடுத்துப் போனதும் அதே பையில்தான். திரும்பி வந்து உதறி, மடித்து, கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.